அடுக்களையில் உட்கார ஓர் இடம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களை மேடையின் உயரம் 36 அங்குலம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். 1984இல் வீடு எழும்பியபோது, மேடையை எந்த மட்டத்தில் கட்ட என்று கொத்தனார் கேட்க, தாத்தா தன் இடுப்புக்கு நேரே கையை வைத்து, “இந்த உசரம் போதும்” என்றாராம். தாத்தா ஆறடி ஆள். அந்த அடுப்பின் முன்னால் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அம்மா அப்போது கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மருமகளிடம் அளவு கேட்கும் வழக்கம் அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. அம்மா மேடைக்கு முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டாள். அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். அப்பா இருந்த காலத்திலும் அவர் போன பிறகும் அந்த மணை அங்கேயே கிடந்தது.

அம்மா என்றால் மணையில் நின்றுதான் சமைப்பாள் என்று எண்ணி வளர்ந்தவள் நான். ஒருநாள் குழம்புச்சட்டியை இறக்கித் திரும்பும்போது மணையின் விளிம்பில் அவளுக்குக் கால் தவறியது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எலும்பு மருத்துவர் கையோடு முழங்காலையும் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, இனித் தரையில் சம்மணம் போடவோ குத்தவைத்து உட்காரவோ கூடாது என்று சொல்லி அனுப்பினார். சென்னையிலிருந்து ஓடிவந்த எனக்குக் கோபமாக இருந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கோபம். அன்று ராத்திரியே அண்ணனும் மதினியும் நானுமாகப் பேசி, அடுக்களையை உடைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

அது 12 அடி நீளம், 9 அடி அகலம் உள்ள அறை. மேற்கே பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்குப் போகும் வாசல், வடக்கே புறவாசல். தென்கிழக்கு மூலையில் கிழக்குப் பார்த்து அடுப்பு, வடகிழக்கு மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம். புறவாசலை ஒட்டித் தரையில் பதித்த ஆட்டுரல், பக்கத்தில் அம்மி. தரை முழுக்கச் சிவப்புச் சிமெண்டு. தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் அளவுக்கு வழுவழுவென்று இருக்கும். மேடைக்குக் கடப்பாக் கல் போட்டிருந்தார்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிப்புப் பட்டால் அரித்து வெளுக்கும். புளி கரைத்த கிண்ணமும் எலுமிச்சை பிழிந்த இடமும் அந்த மேடையில் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தன.

மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பணிவான பிள்ளை. லேசர் கருவியால் சுவர்களை அளந்தார், மடிக்கணினியில் அடுக்களையை முப்பரிமாணப் படமாக உடனே எழுப்பிக் காட்டினார். வெள்ளை அக்ரிலிக் கதவுகள், கைப்பிடி இல்லாத இழுப்பறைகள், வெள்ளை குவார்ட்ஸ் மேடை, சிம்னி. மதினிக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு காலம் புகையிலும் கரியிலும் நின்றவளுக்கு ஒரு பளபளப்பு வேண்டும் என்று தோன்றியதில் என்ன தப்பு? படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தம்பி, இதுல கீரை ஆய நான் எங்கன உக்காருவேன்?”

“டைனிங் டேபிள்ல உக்காந்துக்கலாம்மா.”

சாப்பாட்டு மேசை பட்டாசலில் இருக்கிறது. அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: “பட்டாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சா, அடுப்புல பால் பொங்குறத யாருட்டி பாப்பா?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் திட்டம் பிறந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட மென்பொருளில் பெட்டி உண்டு, மேடை உண்டு, சிங்க் உண்டு. ஒரு மனுஷி உட்கார்ந்து வேலை செய்வதற்கான இடம் அதில் இல்லை. அவர் எங்கிருந்து எடுத்துக் காட்டுவார்?

இந்த ஒரே சீரான மேடையும் ஒட்டி ஒட்டி வைத்த பெட்டிகளும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். ஜெர்மனியில், முதல் உலகப்போருக்குப் பிறகு வீடில்லாத் திண்டாட்டம். ஃபிராங்க்ஃபர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த வீடுகளுக்காக 1926இல் ஓர் அடுக்களையை வடிவமைத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான் இடம். ரயிலின் உணவுப்பெட்டியில் அத்தனை பேருக்குச் சமைக்கும் குறுகலான அடுக்களையைப் பார்த்தும், அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் வீட்டு வேலைகளைப் பற்றி எழுதியதைப் படித்தும், ஒரு பெண் எத்தனை எட்டு நடக்கிறாள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தும் அவர் அதைத் திட்டமிட்டார். சுமார் 10,000 வீடுகளில் அந்த அடுக்களை பொருத்தப்பட்டது. அதற்கு முன் தான் வீட்டில் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமைக்காதவராக இருந்தும், சமைக்கிறவர்களின் உடம்பை அவர் மறக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு வேலை மேசை. அதன் முன்னால் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சுழல் முக்காலி. காய் நறுக்குவதும் தோல் சீவுவதும் அங்கே உட்கார்ந்துதான்.

அந்த அடுக்களையின் பெட்டிகளும் ஒட்டிய மேடையும் உலகமெல்லாம் போயின. முக்காலி போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த படத்திலும் அது இல்லை. இதை ஒரு சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

கட்டு பிரித்து அம்மா மறுபடி அடுப்புக்கு வந்ததும், ஒரு காலையில் நோட்டுப் புத்தகத்தோடு அடுக்களை மூலையில் போய் உட்கார்ந்தேன். அவள் செய்வதைச் செய்த வரிசையிலேயே எழுதினேன். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நேரம் பார்த்துச் செப்புக்குடத்தில் பிடித்தல், பால், டிக்காஷன், இட்லிக்கு மாவு கலக்கல். அதெல்லாம் நின்றபடி. பிறகு தேங்காய் துருவல், கீரை ஆய்தல், சின்ன வெங்காயம் உரித்தல், அருவாமணையில் வாழைக்காய் அரிதல், அரிசியில் கல் பொறுக்கல், பூண்டு நசுக்கல், அம்மியில் எள்ளுத் துவையல். இவ்வளவும் உட்கார்ந்து. பிறகு எழுந்து குழம்பு, பொரியல். பின்பு அங்கணத்தில் தாழ்ந்த முக்காலி போட்டுப் பாத்திரம்.

எழுதி முடித்துப் பார்த்தபோது விஷயம் தெளிவாக இருந்தது. அம்மாவின் வேலையில் பாதிக்கு மேல் உட்கார்ந்து செய்யும் வேலை. நிற்பது பெரும்பாலும் அடுப்புக்கு மட்டும். மருத்துவர் தரையில் உட்காராதே என்று சொல்லிவிட்டார், கம்பெனியின் படமோ எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய் என்கிறது. அறுபத்தெட்டு வயதுக்காரி காலை ஐந்தரை மணியிலிருந்து பதினொன்று வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு இதைவிட நல்ல தீவனம் கிடையாது.

அடுத்து உயரம். இதில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது, அதுவும் செங்கல்லிடமிருந்து. புறவாசலில் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு கனத்த பலகையைப் போட்டு, அதன்மேல் அடுப்பை வைத்து அம்மாவைத் தோசை சுடச் சொன்னோம். ஒரு வரிசை எடுத்தோம், ஒரு வரிசை கூட்டினோம். பலகை 28 அங்குலத்தில் நின்றபோது அம்மாவின் தோள் இறங்கியது. அதுவரை அவள் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கரண்டி பிடிக்கிறாள் என்பது அந்தக் கணத்தில்தான் எங்களுக்குக் கண்ணில் பட்டது.

காரணம் எளிது. முழங்கையை மடக்கி நின்றால் அம்மாவின் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 36 அங்குலம். அடுப்பின் உயரம் நாலைந்து அங்குலம், குழம்புச்சட்டி ஆறு அங்குலம். மேடை 36 என்றால் சட்டியின் வாய் 46, 47 அங்குலத்தில், அதாவது அவள் நெஞ்சுக்கு மேலே. கொதிக்கிற பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க மணை இல்லாமல் முடியாது. மேடை 28 என்றால் சட்டியின் வாய் முழங்கையை ஒட்டி வருகிறது.

மதினி ஐந்தடி ஐந்து அங்குலம். வங்கி வேலை முடிந்து வந்து ராத்திரிச் சமையல் அவள் பொறுப்பு. 28 அங்குல மேடையில் நின்று காய் நறுக்கினால் அவள் முதுகு போய்விடும். “அத்தைக்கு ஏத்த மாதிரியே கட்டுங்க, நான் சமாளிச்சுக்கிடுதேன்” என்றாள். அதை நான் ஒப்பவில்லை. ஒரு மருமகள் சமாளித்த கதையை உடைக்கத்தானே சுவரையே உடைக்கப் போகிறோம்? அவளையும் செங்கல் மேடையில் நிறுத்தினோம். நறுக்க, மிக்சியில் அரைக்க அவளுக்கு 35 அங்குலம் சரியாக இருந்தது. ஆனால் அடுப்பு விஷயத்தில் அதே 28 அவளுக்கும் பொருந்தியது, ஏனென்றால் பாத்திரம் தன் உயரத்தைத் தானே கொண்டுவருகிறது. சிங்க் அதற்கு நேர்மாறு. அது பள்ளம். எட்டு அங்குல ஆழத்துக்குக் கை கீழே போகும். அதனால் சிங்க் இருக்கும் மேடை உயர்ந்திருந்தால்தான் குனியாமல் கழுவலாம். 35 அங்குல மேடையில் பதித்த சிங்க், குள்ளமான அம்மாவுக்கும் கையை நீட்டிக் கழுவத் தோதாக இருந்தது.

ஆக, அடுப்புக்குத் தாழ்ந்த மேடை, சிங்க்குக்கும் நறுக்கவும் உயர்ந்த மேடை. இரண்டு பெண்களுக்கும் இரண்டுமே பொருந்தின. எல்லா மேடையும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும் என்பது கண்ணுக்காக ஏற்பட்ட சட்டம். உடம்பு அந்தச் சட்டத்தைக் கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுடைய பெட்டிகள் ஒரே உயரத்தில் தொழிற்சாலையிலிருந்து வருபவை, மாற்றினால் விலை ஏகத்துக்கும் ஏறும் என்றார்கள். நியாயமான பதில்தான். நாங்கள் ஊர்க் கொத்தனாரையும் ஆசாரியையும் கூப்பிட்டோம்.

கொத்தனார் அண்ணாச்சிக்கும் முதலில் தயக்கம். “ஆச்சி, ஒரு மேடை தாழ, ஒரு மேடை உசர இருந்தா பாக்கதுக்கு நல்லாருக்காதே.”

“பாக்கதுக்கா கட்டுதோம்? நிக்கதுக்குக் கட்டுதோம்” என்றாள் அம்மா. தாத்தாவிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. இவ்வளவு காலம் கழித்தாவது அவள் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

இனித் திண்ணை. இந்த அடுக்களையில் நான் மனசாரப் பெருமைப்படும் இடம் அதுதான். வடக்கு ஜன்னலுக்குக் கீழே, அம்மி இருந்த இடத்தில், 18 அங்குல உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்தடி நீளத்துக்கு ஒரு திண்ணை. பதினெட்டு அங்குலம் என்பது நாற்காலியின் உயரம். உட்கார்ந்தால் எழுவதற்கு முழங்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. காலைத் தொங்கப் போட்டும் உட்காரலாம், முடிகிற நாளில் ஒரு காலை மடக்கி அருவாமணையை மிதித்துக்கொண்டும் உட்காரலாம். தேங்காய்த் துருவியும் அருவாமணையும் தரையிலிருந்து ஏறி இந்தத் திண்ணைக்கு வந்தன. அம்மியையும் அதன் ஒரு முனையில் பதித்தோம். கொத்தனாரின் அப்பா சிவப்புச் சிமெண்டு போடத் தெரிந்த பழைய கை. அவரே வந்து திண்ணையின் மேல்பரப்பைப் பூசித் தேய்த்துக் கொடுத்தார்.

மறுமுனையில் கிரைண்டர். டேபிள்டாப் கிரைண்டரை உயர்ந்த மேடையில் வைக்கிறார்கள். மாவு நிறைந்த பாத்திரத்தைக் கல்லோடு தூக்கி இறக்குவது வயதான கைக்கு ஆகாது. திண்ணையில் இருந்தால் உட்கார்ந்தபடியே உளுந்தைத் தள்ளிவிடலாம், இடுப்பு உயரத்தில் மாவை வழிக்கலாம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம், அதை அடுக்களையில் எங்கே வைப்பது என்று எந்தப் படமும் யோசிப்பதில்லை. எங்களுக்குக் காட்டிய படத்தில் மைக்ரோவேவுக்குக் கூடு இருந்தது, கிரைண்டருக்கு இல்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டில் கிரைண்டரைவிட மைக்ரோவேவ் அதிகமாக ஓடுகிறது?

தரையில் பதித்திருந்த ஆட்டுரலை வைத்துக்கொள்வோம் என்று எனக்கு ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. அதில் ஆட்டி ஆட்டி அவள் கைகள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். பெயர்த்துப் புறவாசலில் வைத்தாயிற்று. அந்தக் குழியைக் கடப்பாத் துண்டால் மூடினார்கள், ஏனென்றால் பழைய சிவப்புத் தரையில் புதிய சிவப்பு ஒட்டுப் போட்டால் நிறம் சேராது.

நம்முடைய அடுக்களை தண்ணீர் அடுக்களை. இதைப் புரிந்துகொள்ளாமல் போடுகிற எந்தத் திட்டமும் சில மழைக்காலத்துக்குள் ஊறிப்போகும். அரிசி களைகிறோம், உளுந்து ஊறவைக்கிறோம், கீரையை நாலு தண்ணீரில் அலசுகிறோம், வெள்ளிக்கிழமை தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறோம். மரத்தூள் அழுத்திய பலகையில் செய்த பெட்டிகள் அடியில் நிற்கும்போது இந்தத் தண்ணீர் அவற்றுக்கு விஷம். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஊதிவிடும். பிளைவுட்டிலும் வகை உண்டு. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியக் கூடாது என்பது விதி. ஐ.எஸ். 303இல் வரும் வகைக்கு அவ்வளவு கடுமையான சோதனை கிடையாது. விலைப்பட்டியலில் இரண்டும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றே எழுதப்படுவதால், பலகையின் மேல் அச்சடித்த எண்ணைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.

நாங்கள் பெட்டியே வேண்டாம் என்று தீர்மானித்தோம். செங்கல்லில் நாலு அங்குலப் பீடம் எழுப்பி, அதன்மேல் கடப்பாக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தித் தடுப்பு, கடப்பாவிலேயே தட்டு. கறையானுக்கும் அங்கே வேலையில்லை. கதவுகளும் சில இழுப்பறைகளும் மட்டும் மரைன் பிளைவுட். இழுப்பறை மதினியின் யோசனை. கீழ்த்தட்டின் இருட்டுக்குள் தலையை விட்டுப் பாத்திரம் தேடுவதைவிட இழுத்து மேலிருந்து பார்ப்பது எவ்வளவோ மேல் என்பதில் அவள் சொன்னது முழுக்கச் சரி. பீடத்தை மேடை விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டினார் கொத்தனார். நிற்கும்போது கால்விரல்கள் உள்ளே போக இடம் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு பின்னுக்குப் போய் முதுகு வளையும். தரைக்குச் சரிவு கொடுத்துத் தண்ணீர் பழைய அங்கணத்தின் தூம்புக்கே போகும்படி செய்தோம். அங்கணம் இருந்த மூலைக்கு மேலே சிங்க். இரண்டு குழாய்: ஒன்று தாமிரபரணித் தண்ணீர், ஒன்று போர்த் தண்ணீர். பக்கத்தில் செப்புக்குடம் வைக்க மேடையில் ஒரு சின்னக் குழிவு.

மேடைக்குக் கறுப்புக் கிரானைட். குவார்ட்ஸ் அழகுதான், ஆனால் அதில் பிசின் சேர்ந்திருக்கிறது. வெள்ளைப் பரப்பில் மஞ்சள் கறை ஏறினால் போகாது, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைத்தால் தடம் விழும். தினமும் மஞ்சள் அள்ளும் வீட்டில் அதைப் போட்டுவிட்டு நாளெல்லாம் துணியும் கையுமாக நிற்க வேண்டும். கிரானைட்டின் முன்விளிம்பில் மெல்லிய வரம்பு, தண்ணீர் காலில் வழியாமல்.

பாத்திரக் கணக்கு ஒரு பெரிய வேலை. பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் பட்டாசலில் பரப்பினோம். வெண்கலப் பானை, உருளி, இட்லிக் கொப்பரை, கூட்டாஞ்சோறு கிண்டும் அண்டா, அம்மாவின் அம்மா சீராகக் கொடுத்த தவலை. பெரிய பாத்திரங்களின் விட்டத்தை அளந்து அதற்கேற்பத் தட்டுகளின் ஆழத்தை ஆசாரியிடம் சொன்னேன். அம்மா சிலவற்றைத் தானாகவே ஒதுக்கி வைத்தாள். சொதிக்கும் உளுந்தம்பருப்புச் சோற்றுக்கும் தினம் எடுப்பவை அடுப்புக்குக் கீழே, பொங்கலுக்கு மட்டும் இறங்குபவை பரணில். தலைக்கு மேலே கையெட்டாத உயரத்தில் அம்மா தினசரி எடுக்கும் ஒரு டப்பாகூட இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மறுபடி அவள் எதன்மேலும் ஏறி நிற்கக் கூடாது.

அடுப்பைத் தென்கிழக்கிலேயே வைத்துக்கொண்டோம். அக்னி மூலை என்பது அம்மாவுக்கு. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது: ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று எங்கள் வீட்டை மேற்கிலிருந்து கிழக்காக ஊடுருவிப் போகும். கிழக்கு மூலையில் எழும் புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே வெளியேறிவிடும். சிம்னியின் குழாயையும் வளைவில்லாமல் நேரே கிழக்குச் சுவரில் விட்டோம். எரிவாயு உருளை, அடுப்பு மட்டத்துக்குக் கீழே, உயர்ந்த மேடையின் அடியில். அந்தக் கதவின் கீழ்ப்பாகத்தில் காற்றுப் போக வழி வைத்தோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே மட்டும் ஜன்னல் இருந்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பிளக்குகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி, வேண்டும் என்று நினைத்ததைவிடக் கூடவே போட்டோம்.

கடைசியாகத்தான் நிறம். அம்மா ஆசைப்பட்ட பளபளப்பை நான் மறக்கவில்லை. கதவுகளுக்குப் பச்சை வேண்டும் என்றாள், அவள் பிறந்த வீட்டு நிலைக்கதவின் பச்சை. ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களைக்குக்கூட நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தைத்தான் பூசியிருந்தார்கள், அந்த நிறத்தில் ஈ அண்டாது என்ற நம்பிக்கையில். அம்மாவுக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை. சிவப்புத் தரை, கறுப்புக் கல், பச்சைக் கதவு, அடுப்புக்குப் பின்னால் துடைத்தால் போகும் வெளிர்மஞ்சள் ஓடு. மதினி வடக்கு ஜன்னலை ஓரடி அகலப்படுத்தச் சொன்னாள். திண்ணையில் வெளிச்சம் கொட்டுகிறது. அழகாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், ஆம், மிக அழகாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

வேலை நடந்த காலத்தில் புறவாசலில் தகரக் கூரை போட்டுச் சமைத்தார்கள். தூசியும் சத்தமும் எல்லா வீட்டிலும் உள்ளதே. சொல்ல வேண்டியது அதற்குப் பிந்தைய ஒரு மாற்றம். திண்ணையில் இரண்டு பேர் உட்காரலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். முன்பெல்லாம் அடுக்களை வாசலில் நின்று காபி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவன். அவன் மகளும் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். உட்கார இடம் இருந்தால் ஆள் வந்து உட்காரும், ஆள் உட்கார்ந்தால் கையில் ஒரு வேலை வந்துவிடும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுக்களையை மாற்றப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நிறமும் கதவும் பார்க்கப் போவதற்கு முன், போதிய செங்கல்லும் ஒரு பலகையும் எடுத்து வைத்து, வீட்டில் சமைக்கிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி ஒரு வேளை சமைக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய தோளைப் பாருங்கள். எந்தெந்த வேலையை உட்கார்ந்து செய்ய ஆசை என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரைபடம் போடுகிறவர் வரும்போது, முதல் கோடு போடுவதற்கு முன்பே, உட்காரும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.